ரசீது வாங்காமல் வராதே

நோவாக் வீட்டில் டர்னிப் கிழங்கு வெட்டுகிற கத்தி, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரனைக் குத்துவதற்கென்று செய்யப்பட்டது. துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனெட் அது. ஆல்வின் நோவாக் அதை வைத்து யாரையாவது குத்தினானா என்று அவன் பெண்டாட்டி ஒட்டிலி கேட்டதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அதே கத்தியில் எப்படிச் சமைக்கிறது? 1918 நவம்பர் ஆரம்பத்தில், போர் முடிகிற தறுவாயில், தோளில் மூட்டையும் காலில் புண்ணுமாக நாலு மாடி ஏறி வந்தவன் கொண்டுவந்த சாமான்களில் உருப்படியானது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பேனும் அழுக்கும்.

அந்த வருஷத்து டர்னிப் சாதாரணக் கத்திக்கு மசியாது. வீட்டிலிருந்த நல்ல கத்தியைப் 1917-லேயே ஒரு டர்னிப் முறித்துப் போட்டிருந்தது. ஒட்டிலி பயனெட்டின் பிடியில் பழைய கயிற்றை இறுக்கிச் சுற்றி, அதில் வெட்ட ஆரம்பித்தாள். கறை ஏறிற்று, துரு ஏறிற்று. ரெண்டே மாதத்தில் அது பிறந்ததிலிருந்தே சமையலறையில் கிடந்தது போல ஆகிவிட்டது.

ஆல்வின் ரயில்பெட்டிப் பட்டறையில் தச்சன். பெர்லினின் கிழக்குப் பக்கம், லிச்டன்பெர்க்கில், மூன்றாம் முற்றத்து நாலாம் மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும். சமூக ஜனநாயகக் கட்சியில் இருபத்திரண்டு வருஷம். வாராவாரம் சந்தா கட்டி, அதற்கு அடையாளமாகக் கொடுக்கிற தபால்தலை மாதிரியான சீட்டைச் சிவப்புப் புத்தகத்தில் ஒட்டுவான். சண்டைக்குப் போயிருந்த காலத்துக்கும் சேர்த்து ஒட்டி முடித்துவிட்டான். ஒரு கட்டம் காலி கிடையாது.

அவனைப் பற்றி அந்தக் கட்டிடத்தில் ஒரு கேலி உண்டு. நவம்பரில் ஊரே தெருவில் இறங்கி, சக்கரவர்த்தி கைசரைத் துரத்தி, சிவப்புக்கொடி பிடித்து, ட்ராம் வண்டிகளின் கூரையில் ஏறிக்கொண்டு போன அன்றைக்கு, வண்டிக்குள்ளே நின்று டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் நோவாக்தானாம். "புரட்சிக்கு டிக்கெட் எடுத்தவரு" என்பார்கள். அவனுக்குக் கோபமே வராது. "ட்ராம் இனிமே நம்மளோடது. நம்ம வண்டிக்கு நாமளே காசு குடுக்கலன்னா அது எப்படி ஓடும்?" என்பான்.

ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தான். ராணுவத்திலிருந்து விடுவித்த தாள், வாடகைச் சீட்டு, அம்மை குத்தின சான்று, எல்லாம் தேதி வரிசையில் இருக்கும். அதில் 1911-ஆம் வருஷத்து ரசீது ஒன்று. தெருவில் கிடந்த மணிபர்ஸை ஆல்வின் போலீஸ் நிலையத்தில் கொடுத்ததற்கு, ரீமர் என்கிற கான்ஸ்டபிள் எழுதிக் கொடுத்தது. பர்ஸில் இருந்தது மூன்று மார்க். எட்டு வருஷமாக அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தான். ஒட்டிலி சிரிப்பாள். ஆனால் அவளும் அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா? பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். அவளுக்கும் முத்திரை குத்திய தாளைக் கண்டால் ஒரு தைரியம் வந்துவிடும்.

ஜனவரியில் பெண்களுக்கு முதல்முதலாக ஓட்டு வந்தது. ஆல்வின் அவளுக்குத் தொப்பியைத் தூசி தட்டிக் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். பனியில் ரெண்டு மணி நேரம் நின்று, அவன் கட்சிக்கே போட்டாள். வெளியே வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. "நம்ம வீட்டுல இப்ப ரெண்டு ஓட்டு, ஒட்டி. இனிமே யாரும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

பாவி மனுஷன். அதைச் சொல்லி முழுசாக ரெண்டு மாதம் ஆகவில்லை.

மார்ச் பிறந்ததும் பெர்லினே வேலைநிறுத்தம் செய்தது. ஏன் செய்யாது? சண்டை முடிந்து நாலு மாதமாகியும் ஜெயித்த நாட்டுக்காரர்கள் கடல்வழியை மறித்து வைத்திருந்தார்கள். தானியக் கப்பல் வரும் வரும் என்றார்களே தவிர, வந்தபாடில்லை. ரொட்டியில் பாதி மரத்தூள். பட்டறைக்கு நிலக்கரி இல்லை. இருக்கிற கூலியை வைத்துக் கள்ளச் சந்தையில் வெண்ணெயை மோந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஜனங்கள் கேட்டது சோறு. அரசாங்கம் அனுப்பியது பீரங்கி. யாருடைய அரசாங்கம்? ஒட்டிலி தொப்பி போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்ட அதே அரசாங்கம். ராணுவத்துக்குப் பொறுப்பான மந்திரியும் ஆல்வினின் கட்சி. அவரிடமும் ஒரு சிவப்புப் புத்தகம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், லிச்டன்பெர்க்கில் அறுபது போலீஸ்காரர்களைக் கலகக்காரர்கள் கொன்றுவிட்டார்கள் என்று போட்டார்கள். அங்கேயே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியாத அறுபது பிணம்! பொய் என்று பிறகு அவர்களே ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் சுடச் சொல்லி உத்தரவு போட்டாகிவிட்டது, சுவரிலும் ஒட்டியாகிவிட்டது.

புதன்கிழமை காலை எதிர்வீட்டு ஷிம்கேயம்மா வந்து கதவை இடித்தாள். வாய் கொஞ்சம் நீளமென்றாலும் மனசு சுத்தமானவள்.

"நோவாக்கம்மா, சேதி தெரியுமா? பக்கத்துத் தெருவுல வீடு வீடாப் பூந்து பாக்கறானுங்க. பதினேழாம் நம்பர்ல ஒரு ஆளு, பீரங்கிக் குண்டோட வெத்துக் கூட்டுல ஜெரேனியம் வெச்சிருந்தாராம். பூத்தொட்டிம்மா! ஜன்னல்ல! அந்த ஆளக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எங்க கூட்டிட்டுப் போனாங்க?"

"எங்கன்னு கேக்க யாருக்குத் தைரியம் இருக்கு? அவரு பொண்டாட்டி படியில உக்காந்திருக்கா. பக்கத்துல அந்தச் செடி கிடக்கு."

மூன்று பேர் பார்வையும் வெட்டுப்பலகைக்குப் போயிற்று. அங்கே பாதி வெட்டின டர்னிப்பும், பக்கத்தில் அதுவும் கிடந்தது. ஆல்வின் பழைய பேப்பரைக் கீழே வைத்தான்.

"அது கத்தி ஷிம்கேயம்மா."

"கத்தின்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டர்னிப்புக்குத் தெரியும். வர்றவனுக்குத் தெரியணுமே! பேசாம சாம்பல் தொட்டியில போட்டு மூடிடுங்க."

"தொட்டி வேணாம்" என்றாள் ஒட்டிலி. "நாப்பது குடும்பம் கொட்டற தொட்டி அது. அதுல எடுத்தாங்கன்னா யாரோடதுன்னு கேப்பாங்க. யாரும் வாயத் தொறக்கலன்னா கையில அம்புட்டவனப் புடிச்சிட்டுப் போவாங்க. உங்க வீட்டுக்காரராக்கூட இருக்கலாம். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

"அப்ப ஆத்துல போடுங்க."

"பாலத்துல மெஷின்கன்னோட நிக்கறாங்களே."

ஆல்வின் எழுந்து, கத்தியை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும், ஒட்டி. கயிறு சுத்தியிருக்கு, துரு புடிச்சிருக்கு, மேலெல்லாம் டர்னிப் வாசம். கண்ணு தெரியாதவன்கூட இத ஆயுதம்னு சொல்ல மாட்டான். வரட்டும், நான் பேசிக்கறேன். என்ன இருந்தாலும் நம்ம ஆளுங்க அனுப்பின பட்டாளம்."

அவன் பேச்சைக் கேட்டு அப்படியே விட்டிருக்கலாம். எத்தனை முறை நினைத்திருப்பாள் அதை! ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஜன்னலில் இருந்த அந்த ஜெரேனியம்தான் கண்ணில் நின்றது. சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி, தெருமுனை பேக்கரிக்குப் போனாள். பேக்கரிச் சுவரில் ரெண்டு நோட்டீஸ்கள் ஒட்டியிருந்தது தினமும் வரிசையில் நிற்கிறவளுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

ஒன்று வெள்ளைத்தாள், பழசு, ஓரம் கிழிந்திருந்தது. போர்க்கால ஆயுதம் வைத்திருப்பவர்கள் மார்ச் 12 மாலை ஆறு மணிக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்; ஒப்படைப்பவர்களுக்கு ரசீது வழங்கப்படும்; தண்டனை கிடையாது. பக்கத்தில் இன்னொன்று, சிவப்புத்தாள், புதுசு. கையில் ஆயுதத்துடன் காணப்படும் எவரும் அந்த இடத்திலேயே சுடப்படுவர்.

ரெண்டையும் ரெண்டு முறை படித்தாள். சிவப்பு, சண்டை போடுகிறவனுக்குச் சொன்னது. வெள்ளை, ஆல்வின் மாதிரி ஆட்களுக்குச் சொன்னது. இப்படித்தான் அவளுக்குப் பட்டது. வேறு எப்படிப் படும்? ஒரே அரசாங்கம், ஒரே சுவர். ஒரு தாள் கொண்டுவா என்று கூப்பிடுகிறது. அப்படிக் கொண்டுவருகிறவனை இன்னொரு தாள் சுடச் சொல்லும் என்று எந்தக் குடும்பப் பெண்ணுக்குத் தோன்றும்? தேதியை மறுபடி பார்த்தாள். பன்னிரண்டு. இன்றைக்குத்தான் கடைசி நாள். கடவுளே வந்து சொன்ன மாதிரி இருந்தது.

படியேறி மூச்சிரைக்க வந்து சொன்னாள். "ஆறு மணி வரைக்கும் கெடு இருக்கு. போய்க் குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வந்துடுய்யா. அப்புறம் எவன் வந்து கேட்டாலும் மூஞ்சியில நீட்டலாம்."

ஆல்வின் சிரித்தான். "என்னைக் கேலி பண்ணுவியே, இப்ப நீயே ரசீதுங்கறே."

"கேலி இருக்கட்டும். போறியா, மாட்டியா?"

"அப்புறம் டர்னிப்ப எதுல வெட்டுவே?"

"பல்லால கடிச்சுக்கறேன். நீ கெளம்பு."

"ரசீது தருவாங்கதான்" என்று யோசித்தான். "ரீமர் அங்கதான் இருக்காரு. அவருக்கு என்னைத் தெரியும்." பிறகு கத்தியைப் பார்த்து முகம் சுளித்தான். "ஆனா இந்தக் கோலத்துலயா குடுக்கறது? அரசாங்கச் சொத்து. வெட்கமா இல்ல?"

அது என்னவோ, அந்த வார்த்தை ஒட்டிலிக்கும் உறைத்தது. இரவல் வாங்கின பாத்திரத்தையே கழுவித்தானே திருப்பிக் கொடுக்கிறோம்? பிடியில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துப் போட்டாள். சாம்பலும் வினிகரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தேய்க்க, அவன் பக்கத்தில் குனிந்து நின்று, "பிடிக்கு அடியில தேய், ஒட்டி. எங்க சார்ஜண்ட் மொதல்ல அங்கதான் பாப்பான். ஒரு பொட்டுத் துரு இருந்தா மூணு நாளு தண்டனை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரெண்டு மணி நேரம் தேய்த்தாள். டர்னிப் கறை போயிற்று, துரு போயிற்று, நடுவிலிருந்த பள்ளத்துக் கறுப்பை ஊசியால் சுரண்டி எடுத்தாள். சமையலறையில் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. ஒன்பது வயசு ஹெட்டி அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "அப்பா, என் பல்லு தெரியுது பாரு" என்றாள்.

நாலு மணிக்குக் கிளம்பினான். கோட்டைப் போட்டு, சிவப்புப் புத்தகத்தை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டான். கத்தியைப் பேப்பரில் சுற்றப் போனான். ஒட்டிலி பேப்பரைப் பிடுங்கினாள்.

"சுத்தாதே. மடிச்சு எடுத்துட்டுப் போனா ஒளிச்சுக் கொண்டு போறான்னுவாங்க. நம்மகிட்ட என்ன களவா இருக்கு? கையிலயே புடிச்சுட்டுப் போ. எல்லாருக்கும் தெரியற மாதிரி."

அவன் கொஞ்சம் தயங்கினான். "தெரியற மாதிரியா?"

"ஆமாய்யா. மடியில கனமிருந்தாத்தான வழியில பயம்?"

அவளே அதை எடுத்து அவன் கையில் வைத்தாள். ரெண்டு மாடி இறங்கினவனைக் கூப்பிட்டு, கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"ரசீது வாங்காம வந்துடாதே."

"வாங்காம வருவனா?" என்றான் கீழிருந்து.

அவன் போனதும் ஷிம்கேயம்மாவின் சின்னக் கத்தியை இரவல் வாங்கி மிச்ச டர்னிப்பை அறுக்க உட்கார்ந்தாள். கத்தி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, காலுறையைக் கிழித்துக்கொண்டு வந்ததற்காக ஹெட்டியைத் திட்டினாள். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பத்து நாளாக யார் அதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்? தலையைக்கூடத் தூக்கவில்லை.

போலீஸ் நிலையம் மூன்று தெரு தள்ளித்தான். ஐந்து அடித்தது. ஆறு அடித்தது. கெடு முடிந்தது, ஆள் வரவில்லை. ஏழு மணிக்குமேல் வெளியே தலை காட்டக் கூடாது என்று ஊரடங்கு. "கூட்டமா இருந்திருக்கும். கடைசி நாளாச்சே. ரசீது எழுத ஒரு ஆளுதான் இருந்திருப்பான். அங்கயே படுக்க வெச்சிருப்பாங்க" என்று ஷிம்கேயம்மா தேற்றினாள். ராத்திரியை விடுங்கள். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

விடிந்ததும் போனாள். நிலையத்து வாசலில் மணல்மூட்டை அடுக்கி ராணுவம் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு மேஜைக்குப் பின்னால் லெப்டினன்ட். மீசைகூடச் சரியாக முளைக்காத வயசு, கண்ணைச் சுற்றித் தூக்கமில்லாத கறுப்பு. மூலையில் இன்னொரு மேஜையில் ரீமர். எட்டு வருஷத்தில் நரைத்துப்போயிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுத ஆரம்பித்தார். எழுதுகிற பேனாவில் மை இல்லை.

"நோவாக், ஆல்வின். நேத்து சாயங்காலம் இங்க வந்தாரு" என்றாள்.

லெப்டினன்ட் பட்டியலில் விரலை ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க வரல அம்மா. வர்ற வழியில தெருவுல நிறுத்தினோம். கையில ஆயுதம் இருந்துச்சு."

"ஆமா, இருந்துச்சு. இங்க குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தாரு."

அவன் அவளைப் பார்க்காமல் படித்தான். "நாலு இருபது. உத்தரவுப்படி நிறைவேற்றப்பட்டது."

என்ன நிறைவேற்றப்பட்டது என்று அவள் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. புரிந்தும் வாய் மட்டும் தனியாக நியாயம் பேசிக்கொண்டே இருந்தது.

"ஆறு மணி வரைக்கும் கெடு இருந்துச்சே. நாலு இருபதுன்னு நீங்களே சொல்றீங்க. இன்னும் நேரம் இருந்துச்சே ஐயா."

"எந்தக் கெடு?"

"பேக்கரிச் சுவத்துல. வெள்ள நோட்டீஸ்."

லெப்டினன்ட் மூலையைப் பார்த்தான். ரீமர் தொண்டையைச் செருமினார். "நாங்க ஒட்டினது ஐயா. போலீஸ் நோட்டீஸ். போன மாசம்."

"எனக்கு அதப்பத்தித் தகவல் வரல" என்றான் லெப்டினன்ட். "எனக்கு வந்தது சிவப்பு."

"அவரு உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான். எல்லாரும் ஏதாவது சொல்றாங்க அம்மா. ஒருத்தன் தெருவுல கிடந்துச்சுங்கறான். ஒருத்தன் செத்துப்போன தம்பியோடதுங்கறான். உங்க வீட்டுக்காரன் ஒப்படைக்கப் போறேன்னான். கட்சிப் புத்தகத்தக் காட்டினான். நான் கட்சி ஆளு இல்ல, எனக்கு அது எதுக்கு? அப்புறம், இது வீட்டுல கிழங்கு வெட்டற கத்தி, பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்கன்னான்." மேஜை இழுப்பறையைத் திறந்து பயனெட்டை எடுத்து அவள் முன் வைத்தான். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கூரையில் அடித்தது. "நீங்களே பாருங்க. இதுல ஒரு கறை உண்டா? துரு உண்டா? கிழங்கு வெட்டற கத்தி எந்த வீட்டுல இப்படி இருக்கு? சண்டைக்குன்னே தீட்டி வெச்ச மாதிரி இருக்கு. துருப்புடிச்சுக் கிடந்திருந்தா நான்கூட யோசிச்சிருப்பேன்."

"நான்தான் தேச்சேன்" என்றாள் ஒட்டிலி.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"சாம்பலும் வினிகரும் போட்டு. ரெண்டு மணி நேரம். திருப்பிக் குடுக்கறதாச்சேன்னு தேச்சேன். பேப்பர்ல சுத்தறேன்னாரு. நான்தான் வேணாம்னு சொன்னேன். தெரியற மாதிரி கையில எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்." இதை அவனிடம் சொல்கிறாளா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா, அவளுக்கே தெரியவில்லை. நாலு இருபதுக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மனசு தேடிக்கொண்டிருந்தது. காலுறை. ஆமாம், ஹெட்டியின் காலுறைக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

லெப்டினன்ட் பயனெட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவர் பக்கம் போங்க அம்மா. மத்தவங்களோட இருக்கு. சனிக்கிழமைக்குள்ள எடுத்துக்கணும்." ரீமர் எழுந்து வந்து ஒரு காகித உறையை அவள் முன் வைத்தார். உள்ளே வீட்டுச் சாவி, கைக்குட்டை, சிவப்புப் புத்தகம். புத்தகத்தின் நடுவில் ஒரு ஓட்டை. ஒட்டின சீட்டெல்லாம் ஒன்றோடொன்று பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷச் சந்தா!

உறையை எடுத்துக்கொண்டு ஒட்டிலி நின்றாள். போகவில்லை.

"வேற என்ன அம்மா?"

"ரசீது."

"என்னது?"

"ரசீது குடுங்க. அவரு அதுக்குத்தான் வந்தாரு. கத்தி உங்ககிட்ட வந்துடுச்சு இல்ல? தேதி பன்னெண்டு, மணி நாலு இருபது. கெடுவுக்குள்ள வந்துடுச்சு. ரசீது தரணும்னு எழுதியிருக்கு. எழுதிக் குடுங்க."

அவள் கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் வாசலில் நிற்கிற சிப்பாயைக் கூப்பிட்டு வெளியே தள்ளியிருப்பார்கள். ரேஷன் கடை ஜன்னலில் நின்று கேட்கிற மாதிரி கேட்டாள். பின்னால் இன்னும் நாலு பெண்கள், இதேபோல் யாரையோ தேடி வந்தவர்கள், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாள் மட்டும் கையில் வந்துவிட்டால், ஆல்வின் கலகக்காரன் இல்லை, சொன்னபடி கொண்டுவந்து கொடுக்க வந்தவன் என்று முத்திரையோடு ஆகிவிடும். ஹெட்டி பெரியவளானதும் காட்டலாம். அவளுக்கு இனி மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

லெப்டினன்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "எழுதிக் குடுத்து அனுப்பு" என்றான் ரீமரிடம்.

ரீமர் பேனாவை மையில் தோய்த்தார். அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். அதே கையெழுத்து, மணிபர்ஸ் ரசீதில் இருந்த அதே சாய்வெழுத்து. பெற்றுக்கொண்ட பொருள்: பயனெட், ஒன்று. நிலை: சுத்தம். நாள்: 12 மார்ச் 1919. நேரம்: மாலை 4.20. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. ஒப்படைத்தவர் பெயர்.

"நோவாக், ஆல்வின்னு போடட்டுங்களா ஐயா?"

"வேணாம்" என்றான் லெப்டினன்ட் சட்டென்று. "அவன் ஒப்படைச்சான்னு எழுதினா, அப்புறம் நேத்து நாங்க எதுக்கு..." மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பினான். "இந்த அம்மா பேரப் போடு."

ரீமர் போட்டார். தாளைக் கிழிப்பதற்கு முன்னால் அவள் பக்கமாகத் திருப்பிவைத்து, "படிச்சுப் பாருங்க நோவாக்கம்மா" என்றார், தலையைத் தூக்காமல். "தப்பு இருந்தா சொல்லுங்க. திருத்தித் தரேன்."

ஒட்டிலி படித்தாள். தேதியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள். ஒப்படைத்தவர்: ஒட்டிலி நோவாக். இது இல்லை, அவர் பெயர்தான் வரவேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கிடக்கட்டும் என்று சொன்னவனைக் கிளப்பியது யார்? கயிற்றை அவிழ்த்தது யார்? பேப்பரைப் பிடுங்கிவிட்டு, எடுத்து அவன் கையில் வைத்து அனுப்பியது யார்?

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ரீமர் முத்திரையைக் குத்தி, மை காய ரெண்டு முறை ஊதி, ரசீதை அவள் கையில் கொடுத்தார்.